மூன்று நாள் தள்ளிப் பிறந்தவள்

வெள்ளவத்தை
12.02.2007

அம்மாவுக்கு,

சுகம் விசாரிச்சு ஆரம்பிக்க மனசு வரல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மூணு வாரமா என் போனுக்கு முன்பின் தெரியாத ஆம்பளைங்க கோல் எடுக்குறாங்க. ஒருத்தர் காலையில ஆறு மணிக்கு எடுத்து, "மகர ராசிதானே? ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிக்கிட்டு வரட்டா?"ன்னு கேக்குறாரு. இன்னொருத்தர் பேரே சொல்லல்ல. "அஞ்சரைக்குத்தானே ஆபீஸ் முடியுது, பஸ் ஹோல்ட்ல நிக்கட்டா?"ன்னாரு. போன சனிக்கிழமை ஒரு ஆள் போர்டிங் கேட்டுக்கே வந்துட்டாரு, கையில ஆப்பிள் பையோட. வீட்டுக்கார ஜெகதீஸ்வரி டீச்சர் வாசல்ல நின்னுக்கிட்டு, "பிள்ளை, ஆர் இந்த ஆள்? உமக்குத் தெரிஞ்சவரோ?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "தெரியாத ஆள் எப்பிடி உம்மட பேரைச் சொல்லிக் கேப்பார்?"ன்னாங்க.

என்கூட ரூம்ல இருக்குற ஆர்த்திகாதான் கண்டுபிடிச்சா. அவ வேலை செய்யுற ஆபீஸ் கம்பியூட்டர்ல கல்யாணத்துக்கு வரன் தேடுற இடம் ஒண்ணு இருக்கு. அதுல நான் இருக்கேன். அண்ணன் கல்யாணத்துல மஞ்சள் சேலையோட எடுத்த போட்டோ. பக்கத்துல நின்ன அண்ணிய வெட்டிட்டாங்க, ஆனா அண்ணியோட கை மட்டும் இன்னும் என் தோள்ல இருக்கு. கீழ என் பேரு, போன் நம்பர், போர்டிங் விலாசம், ஆபீஸ் பேரு, வேலை முடியுற நேரம். எல்லாம்.

அண்ணன், தான் போடல்லன்னு சத்தியம் பண்ணுது. அந்தப் போட்டோ இருக்குறது உங்க தகரப் பெட்டியில மட்டும்தான்.

போன்ல இருந்து சிம்மக் கழட்டி வச்சிட்டேன். அதனால கடிதத்துல பதில் போடுங்க.

சர்மிளா

---

வட்டவளை
17.02.2007

மகள் சர்மிளாவுக்கு அம்மா வேலாயி எழுதிக்கொள்வது. இங்க நான், அண்ணன், அண்ணி, பேரப்புள்ளைக ரெண்டும் சொகமா இருக்கோம். நீ சொகமான்னு கேக்க எடமில்லாமத்தான் கடுதாசி போட்டிருக்க.

ஆமா. நாந்தான் போட்டேன். திருடன் கிருடன் வந்து போட்டாப் போல கேக்குற. பெத்தவ செய்யாம வேற யாரு செய்வா?

பொங்கலுக்கு நீ வந்துட்டுப் போன மறுவாரம் ஹட்டனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால முத்துலிங்கம் தம்பி கொம்யூனிகேஷன் கடை வச்சிருக்கே, அதுதான் சொல்லிச்சு. "அக்கா, தரகரு எல்லாம் இப்ப இதுக்குள்ளதான் இருக்காங்க"ன்னு கம்பியூட்டரத் தட்டிக் காட்டிச்சு. அது ஒண்ணொண்ணா கேட்டுச்சு, நான் ஒண்ணொண்ணா சொன்னேன். ஒரு கட்டத்தக்கூட வெறுமனே விடல்ல. வேலை நேரம் போடுறது கட்டாயமில்லன்னுச்சு. "போடு தம்பி, எம்பொண்ணு கொழும்புல ஆபீஸ் உத்தியோகம், நேரத்துக்குப் போயி நேரத்துக்கு வர்ற புள்ளன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்"ன்னேன். இவ்வளவு விவரமா யாருமே சொன்னதில்லன்னு அந்தத் தம்பியே அசந்து போச்சு. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவதான். ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாம முழிச்சவ இல்ல. அது எழுதிக் குடுத்த கணக்கு நம்பர் துண்ட சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருக்கேன்.

ஜூன் வந்தா ஒனக்கு இருவத்தெட்டு. ஆறு எடத்துல வந்து பாத்துட்டு, ஆறு எடத்துலயும் போயிச் சொல்லி அனுப்புறோம்னவங்க ஒருத்தரும் சொல்லி அனுப்பல்ல. கொழும்புல தனியா இருக்குற புள்ளன்னாலே மூஞ்சியச் சுழிக்கிறாங்க. லயத்து வீட்டு வரிசையில எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலிக்குப் போனா மீனம்மா கேக்குறா, "என்ன அக்கா, ஒங்க மகளுக்கு ஊறுகா போட்டு வச்சிருக்கீங்களா?"ன்னு. அதக் கேட்டுக்கிட்டு வர்றது யாரு? நீயா?

ஆப்பிள் கொண்டு வந்தவரு என்ன உத்தியோகம்னு கேட்டியா?

வேணாம்னா எடுத்துறச் சொல்றேன். ஒரு வார்த்தை சொன்னா முத்துலிங்கம் எடுத்துறும்.

இப்படிக்கு
அம்மா

---

வெள்ளவத்தை
22.02.2007

அம்மாவுக்கு,

அவரு என்ன உத்தியோகம்னு கேக்கல்ல. வாசல் கேட்டச் சாத்திட்டு உள்ள ஓடினேன்.

நீங்க விளையாட்டா நினைக்கிறீங்க. முந்தாநாள் ரெண்டு பேர் வேன்ல வந்து இறங்கியிருக்காங்க. நான் ஆபீஸ்ல. டீச்சர் மட்டும்தான் வீட்டுல. நான் வந்ததும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. "பிள்ளை, நீர் நல்ல பிள்ளை. ஆனா நாடு கிடக்கிற கிடையில கண்டவங்கள் எல்லாம் வந்து கேட்டில நிண்டா நாளைக்கு பொலிசுக்கு நான்தான் பதில் சொல்லோணும். மார்ச் முப்பத்தொண்டு வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள இந்தச் சனத்தை நிப்பாட்டும். ஏலாட்டி வேற இடம் பாரும்"ன்னாங்க.

அம்மா, வேற இடம்னு ஒண்ணு இல்ல. மலைநாட்டு விலாசம் போட்ட அடையாள அட்டையோட தனியா நிக்கிற தமிழ்ப் பொம்பளைக்கு இப்ப யாரு கதவு திறக்குறாங்க? டீச்சர் பொலிஸ் பதிவுல என் பேரையும் சேத்து எழுதிக் குடுத்ததாலதான் நான் இங்க இருக்கேன். இந்த ரூம் போனா நான் தோட்டத்துக்குத்தான் வரணும். வந்தா வேலை போயிரும். போனா திரும்பக் கிடைக்காது.

முத்துலிங்கம் அண்ணனுக்காகக் காத்திருக்காம அந்தக் கம்பெனிக்கு நானே ஈமெயில் எழுதினேன், என்னை எடுத்துருங்கன்னு. கணக்கத் திறந்தவங்கதான் பாஸ்வேர்ட் போட்டு உள்ள போய் எடுக்கணும்னு பதில் வந்திருக்கு. பாஸ்வேர்ட் மறந்திருந்தா, கணக்குல குடுத்த ஈமெயிலுக்கு அனுப்புவாங்களாம். அது முத்துலிங்கம் அண்ணனோட ஈமெயில். அவருகிட்ட பாஸ்வேர்ட் வாங்கி எழுதுங்க. உடனே போங்க. சனிக்கிழமை கைக்காசு வாங்கிட்டுப் போவோம், கொழுந்து முடிஞ்சதும் போவோம்னு இருக்காதீங்க.

சர்மிளா

---

வட்டவளை
03.03.2007

மகளுக்கு அம்மா எழுதுறது. ஒன் கடுதாசி தோட்டத்து ஆபீஸ்லயே மூணு நாள் கெடந்திருக்கு. கெளாக்கையா மேசையில மத்தக் கடுதாசிகளோட கலந்து போச்சாம். கெடைச்ச அன்னைக்கே அரை நாள் போட்டுட்டு ஹட்டனுக்கு ஓடினேன்.

கடை இல்ல. அந்த எடத்துல இப்ப செருப்புக் கடை. பக்கத்துக் கடைக்காரரு, "முத்துலிங்கம் கட்டாருக்குப் போய் ரெண்டு வாரமாச்சே"ன்னாரு. சம்சாரம் கொட்டகலையிலன்னு சொன்னாங்க. கேட்டுக் கேட்டு அங்க போனேன். சிவகௌரின்னு பேரு, யாழ்ப்பாணத்துப் புள்ள. டீ ஊத்திக் குடுத்து, "அம்மா, அவர் வெள்ளிக்கிழமையில மட்டும்தான் கதைப்பார்"ன்னுச்சு. அதனால நேத்து வெள்ளிக்கிழமை மறுபடியும் போயி, காலையில இருந்து பொழுது சாய வரைக்கும் அது வீட்டு வாசப்படியில உக்காந்திருந்தேன். தூரத்துல காமன் கூத்துக்குத் தப்பு அடிச்சிக்கிட்டு இருந்தானுங்க. எனக்கு என் நெஞ்சு அடிக்கிற மாதிரியே இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு போன் வந்துச்சு. நான் விஷயத்தச் சொன்னேன். "ஐயோ அக்கா, பாஸ்வேர்ட் எல்லாம் கடைக் கம்பியூட்டர்லேயே பதிஞ்சு இருந்துச்சு, எனக்கு ஞாபகமில்ல. கம்பியூட்டர வித்துட்டேன். அந்த ஈமெயிலும் அதோட போச்சு"ன்னுச்சு. என்னப்பா இப்படி வித்துட்ட, எம்பொண்ணு அதுக்குள்ள இருக்காளேன்னேன். அது சிரிச்சுச்சு. நான் சிரிக்கல்ல.

அப்புறம் சொல்லிச்சு, பயப்படாதீங்க, வேற வழி இருக்கு. 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்'னு ஒரு எடம் இருக்காம். அதுல அந்த நம்பரையும் பொறந்த தேதியையும் அடிச்சா போதுமாம், கதவு தொறந்துருமாம்.

நம்பர் துண்ட இதோட வச்சிருக்கேன். பொறந்த தேதி ஒனக்கே தெரியும்.

ரெண்டு நாள் வேலை போனாலும் பரவாயில்ல. அம்மா முடிச்சுக் குடுத்துட்டேன் பாத்தியா.

இப்படிக்கு
அம்மா

---

வெள்ளவத்தை
09.03.2007

அம்மா,

முடியல்ல.

நம்பரப் போட்டேன், ஏத்துக்கிச்சு. பிறந்த தேதி கேட்டுச்சு. 1979 ஜூன் 11 போட்டேன். தப்புன்னுச்சு. மாசத்தையும் தேதியையும் மாத்திப் போட்டுப் பாத்தேன். தப்பு. ஆர்த்திகா, "வருஷத்த முன்னால போட்டுப் பாரடி"ன்னா. அதுவும் தப்பு. மூணு தடவைக்கு மேல ஒரு வாரத்துக்குத் திறக்காதுன்னு எழுதிக் காட்டிட்டு மூடிக்கிச்சு. அந்தத் திரைக்கு முன்னால உக்காந்துக்கிட்டு நான் பிறந்ததே சரியான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

மறுபடியும் கம்பெனிக்கு எழுதினேன். அடையாள அட்டைப் பிரதி அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். இன்னைக்குப் பதில் வந்திருக்கு. அட்டையில இருக்குற பிறந்த தேதியும் கணக்குல இருக்குற பிறந்த தேதியும் ஒண்ணா இல்லையாம். அதனால நான்தான் அந்தச் சர்மிளான்னு அவங்களால நம்ப முடியாதாம். "எங்கள் வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை மற்றவர்களிடமிருந்து பாதுகாப்பது எமது கடமை"ன்னு முடிச்சிருக்காங்க. என் விவரத்த என்கிட்ட இருந்து பாதுகாக்குறாங்களாம். ஊரெல்லாம் பாக்கலாம், நான் மட்டும் தொடக்கூடாது.

இப்ப அடையாள அட்டைப் பிரதியும் அவங்க கையில. போட்டோவ எடுக்கப் போயி அட்டையையும் குடுத்துட்டு வந்திருக்கேன்.

இன்னும் ரெண்டு தடவை ஆள் வந்துச்சு. ஆபீஸ்ல அஞ்சரைக்கு இறங்காம பின் வழியால ஆறே காலுக்கு இறங்குறேன். மெனேஜர் ஏன்னு கேக்குறாரு.

அம்மா, முத்துலிங்கம் அண்ணன்கிட்ட என்ன தேதி சொன்னீங்க?

சர்மிளா

---

வட்டவளை
14.03.2007

மகளுக்கு,

நான் சரியாத்தான் சொன்னேன். முத்துலிங்கம் அவசரத்துல தப்பா அடிச்சிருக்கும். வெள்ளிக்கிழமை சிவகௌரிகிட்ட கேட்டுப் பாக்குறேன்.

அண்ணி ஒனக்கு எள்ளுருண்டை செஞ்சு வச்சிருக்கா. நீ பேசாம கொஞ்ச நாளைக்கு இங்க வந்து இரு. வேலை என்ன பெரிய வேலை. ஒடம்பு முக்கியம்.

மழை இல்ல. கொழுந்து கொறைவு.

அம்மா

---

வெள்ளவத்தை
19.03.2007

அம்மா,

கடிதாசி எழுத ஆரம்பிச்சா ரெண்டு பக்கத்துக்குக் கொறையாம எழுதுறவங்க நீங்க. பத்து வரிதான் வந்திருக்கு. அதுல மழையும் எள்ளுருண்டையும் வேற. அப்பவே எனக்குப் புரிஞ்சுருச்சு.

முத்துலிங்கம் அண்ணன் தப்பா அடிக்கல்ல. நீங்க வேற தேதி சொல்லியிருக்கீங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. வயசக் குறைச்சு சொன்னீங்களோன்னு பாத்தேன். அதுல வயசு இருவத்தேழுன்னு சரியாத்தான் போட்டிருக்கு. அப்படின்னா வருஷம் சரி. மாசமோ தேதியோதான் வேற. ஒவ்வொண்ணா போட்டுப் பாக்க முடியாது. வாரத்துக்கு மூணு தடவைதான் விடும். முப்பத்தொண்ணாம் தேதிக்கு இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்கு.

"பேசாம வந்து இரு"ன்னு எழுதியிருக்கீங்க. நான் வந்துரணும்னுதான் இத இழுத்தடிக்கிறீங்களோன்னு எனக்குத் தோணுது. தோணினத மறைக்க விரும்பல்ல, எழுதிட்டேன்.

ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்துட்டுப் போனப்ப நீங்க என்கிட்ட சொன்னது ஒரே வார்த்தைதான். "நீ கொழும்புக்குப் போன, அதான்." தீபாவளிக்கு வந்தாலும் பொங்கலுக்கு வந்தாலும் லயத்து வழியா நடக்குறப்ப நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நடக்குறேன். நம்ம குடும்பத்துக்கு நான் என்னமோ செஞ்சுட்டேன்னு. அதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். இதையும் பொறுத்துக்கச் சொல்லாதீங்க.

ஒரு தேதி. அவ்வளவுதான் கேக்குறேன். வேற ஒண்ணும் கேக்கல்ல. காரணம்கூட எழுத வேணாம்.

சர்மிளா

---

வட்டவளை
24.03.2007

சர்மிளா,

1979 ஜூன் 14.

முதல்ல தேதிய எழுதிட்டேன். இதோட நிறுத்தலாம். நீயும் காரணம் கேக்கல்ல. ஆனா நீ என்னப் பத்தி நெனச்சத எழுதியிருக்க பாரு, அதப் படிச்சுட்டு நிறுத்த முடியல்ல.

நீ பொறந்தது பதினொண்ணாந் தேதிதான். திங்கக்கிழமை, விடிய வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்குத் தப்பு அடிச்ச நேரம். ஒங்கப்பா கோயிலுக்கு ஓடி ஐயர்கிட்ட நட்சத்திரம் கேட்டுக்கிட்டு வந்தாரு. நம்ம லயத்துக் காம்பரா வாசல்லேயே நின்னாரு, உள்ள வரல்ல. "வேலாயி, மூலம்"ன்னாரு. மூலத்துல பொம்பளப் புள்ள பொறந்தா அது போற வீட்டுல மாமனாருக்கு ஆகாதுன்னு சொல்றது ஒனக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. வேற யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. அவரு போய்ச் சேந்த பெறகும் நான் சொல்லல்ல. ஒங்கிட்டயும் சொல்லல்ல.

ஆனா ஜாதகம்னு ஒண்ணு கேப்பாங்கல்ல. ஆறு எடமும் அதுலதான் போச்சு. கொழும்பால ஒரு எடமும் போகல்ல. நுவரெலியாக்காரங்க நேராவே சொன்னாங்க, "புள்ள தங்கமா இருக்கு, ஆனா எங்கப்பா ஏற்கனவே நெஞ்சுவலிக்காரரு"ன்னு.

ஏன் கொழும்பு மேல பழியப் போட்டேன்னு கேப்ப. நட்சத்திரத்த நீ என்ன செஞ்சாலும் மாத்த முடியாது. கொழும்ப மாத்தலாம். மாத்த முடியாத ஒண்ண எம்புள்ள தலையில வைக்க எனக்கு மனசு வரல்ல. நீ தலையக் குனிஞ்சு நடந்தது தெரியும். அது வேற எதுக்கோன்னு நெனச்சேன். வெக்கம்னு நெனச்சேன்.

பஞ்சாங்கத்துல பாத்தா மூணே நாள் தள்ளினா திருவோணம். நல்ல நட்சத்திரம், மகர ராசி. மூணு நாள்தானே. முத்துலிங்கம் தேதி கேட்டப்ப வாய் தானா சொல்லிருச்சு. மறைச்சு வச்ச அந்த ஒரு எடத்தையே சாவியா வச்சுப் பூட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் எழுத ஒக்காந்தேன். காகிதத்துல மூலம்னு எழுதினா அது காகிதத்துலேயே நிக்கும்னு பயம். அதனாலதான் மழையப் பத்தி எழுதினேன். நீ வரணும்னு ஆசை இருந்துச்சு. இல்லன்னா பொய். ஆனா இப்படி வரணும்னு இல்ல.

இத எப்பவும் போல சின்னப் பேரன்கிட்ட குடுத்து அனுப்பல்ல. நானே ஹட்டனுக்குப் போயி போஸ்ட் பண்றேன்.

அம்மா

---

கொழும்பு
02.04.2007

அம்மாவுக்கு,

பதினாலப் போட்டேன். திறந்துச்சு.

உள்ள நாப்பத்தியொரு பேர் என்னை விரும்புறதா அடையாளம் போட்டு வச்சிருக்காங்க. ஒருத்தரு மட்டும், "படத்தில் தோளில் உள்ள கை யாருடையது?"ன்னு கேட்டு எழுதியிருக்காரு. ஆர்த்திகா விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அழிக்கிற பட்டன் தேடி எடுக்கவே அரை மணி நேரம். அழுத்தினா, ஏன் போறீங்கன்னு காரணம் கேக்குது. 'இப்போது விருப்பமில்லை'ன்னு சொன்னா அழிக்காது, மறைச்சு வச்சிட்டு மூணு மாசத்துல தானா திரும்பப் போடுமாம். 'வேறு காரணம்'னு சொன்னா அடையாள அட்டை கேக்குது. அட்டையில பதினொண்ணு, கணக்குல பதினாலு. அந்த வழி எனக்கு மூடினதுதான். விலாசத்தையோ தேதியையோ மாத்தணும்னாலும் அதே அட்டைதான் கேக்குது. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. 'திருமணம் நிச்சயமாகிவிட்டது.'

அதத்தான் அழுத்தினேன், அம்மா. வேற வழி இருந்தா சொல்லுங்க. உடனே வாழ்த்துக்கள்னு பூ வந்துச்சு. நாப்பத்தியொரு பேருக்கும் எனக்கு நிச்சயமாயிருச்சுன்னு அவங்களே சேதி அனுப்பிட்டாங்களாம். படம், விலாசம் எல்லாம் முழுசா மறைய முப்பது நாள் ஆகுமாம்.

முப்பது நாள் டீச்சர்கிட்ட இல்ல. எல்லாத்தையும் அச்சடிச்சுக் கொண்டு போய்க் காட்டினேன். வாசிச்சிட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டினாங்க. "நீர் பொய் சொல்லேல்லை எண்டு எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா கேட்டில வந்து நிக்கிறவனுக்கு அது விளங்காதே"ன்னாங்க. முப்பத்தொண்ணாம் தேதி பெட்டியோட வெளியேறிட்டேன். ஆர்த்திகாவோட சொந்தக்காரங்க ஒருத்தர் மூலமா இன்னொரு இடம். ஒரு ரூம்ல ஆறு பேர். ஜன்னல் இல்ல. பதிவுக்குப் பேர் குடுக்க அவங்க ஒத்துக்கிட்டாங்க, அது போதும். வேலை இருக்கு. தோட்டத்துக்கு வரல்ல. புது வருஷத்துக்கும் வரல்ல.

உங்க கடிதத்த எத்தனை தடவை வாசிச்சேன்னு தெரியல்ல. முதல்ல ஆத்திரம்தான் வந்துச்சு. எத்தனை வருஷம், அம்மா! நான் செய்யாத தப்புக்குக் குனிஞ்சு நடந்திருக்கேன். மூலம்னு சொல்லியிருந்தா நிமிந்து நடந்திருப்பேன். அது எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் அப்பா வாசல்ல நின்னத நினைச்சேன்.

புது விலாசத்த இதுல எழுதல்ல. யார் கேட்டாலும், எந்த நல்லதுக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணி எழுதுங்க. எழுதினா அனுப்புறேன். அதுவரைக்கும் ஆர்த்திகா ஆபீஸ் விலாசத்துக்குப் போடுங்க.

சர்மிளா

---

வட்டவளை
16.04.2007

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீ இல்லாம வருஷம் பொறந்துச்சு. பொங்கினேன், கோயிலுக்குப் போனேன், அவ்வளவுதான்.

நீ அழுத்தின அந்த ஒரு பட்டன் இங்க வந்து சேந்துருச்சு. நாப்பத்தியொரு பேருல ஒருத்தரு மலையில வேலை வாங்குற நம்ம கண்டாக்கையாவோட மச்சினராம். கொட்டகலையில இருக்காராம். அவரு அக்காகிட்ட சொல்ல, அக்கா மலையில எல்லாருக்கும் சொல்ல, வருஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாலயே மடுவத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துல பொம்பளைங்க என்னச் சுத்திக்கிட்டாங்க. "என்ன அக்கா, எங்க வாயில சீனி போடாமலே நிச்சயம் பண்ணிட்டீங்களே?"

உள்ளத உள்ளபடி எழுதுறேன். ரெண்டு நாள் நான் இல்லன்னு சொல்லல்ல. சிரிச்சேன். ஆமான்னும் சொல்லல்ல, ஆனா சிரிச்சேன். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பாத்து அப்படி ஒரு கேள்வி. எனக்கு அது இனிச்சுச்சு.

வருஷத்தன்னைக்கு எல்லாரும் நம்ம வீட்டு வாசல் இஸ்தோப்புல ஒக்காந்திருந்தாங்க. நம்ம லயத்து லெட்சுமி சொன்னா, "எம் மகன் நாளன்னைக்குக் கொழும்புக்குப் போறான் அக்கா. சர்மிளா விலாசம் குடுங்க. மாப்பிள்ளையையும் பாத்துட்டு, பலகாரத்தையும் குடுத்துட்டு வரட்டும்." நல்லதுக்குத்தான் கேட்டா. என் வாய் தொறந்துச்சு. டீச்சர் வீட்டு நம்பர், ரோடு, பச்சைக் கேட்டு, எல்லாம் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. நீ அங்க இல்லன்னு தெரிஞ்சும் வந்து நின்னுச்சு. எம்பொண்ணு வெள்ளவத்தையில இருக்கான்னு சொல்றதுல அவ்வளவு பெருமை எனக்கு. அப்பத்தான் எனக்கே என்னைப் பாத்துப் பயம் வந்துருச்சு.

அங்கேயே சொல்லிட்டேன். மாப்பிள்ளையும் இல்ல, நிச்சயமும் இல்ல. கம்பியூட்டர்ல போட்டது நானு. எம்பொண்ணு வேணாம்னா. அவ மூலம். நான் திருவோணம்னு பொய் சொன்னேன். அதனால அவ வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டா, ரூம் போச்சு. எல்லாத்தையும் சொன்னேன்.

அண்ணி முறுக்குத் தட்டோட அப்படியே நின்னா. அப்புறம் மீனம்மா, ஊறுகா போட்டு வச்சிருக்கீங்களான்னு கேட்டவதான், தலையச் சொறிஞ்சுக்கிட்டு சொல்றா, "எம் மூத்தவளும் மூலந்தான் அக்கா. ரேவதி நட்சத்திரம்னு சொல்லிக் கட்டிக் குடுத்தேன். அந்த மாமனாரு இன்னும் மம்பட்டி புடிக்கிறாரு. நாந்தான் ஒவ்வொரு வருஷமும் அவரு எப்ப போவாரோன்னு பயந்து சாகுறேன்." சிரிச்சாங்க எல்லாரும். நான் சிரிக்கல்ல, அழுதேன்.

அதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காத. கண்டாக்கையா வீட்டம்மா நேத்து என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. தம்பிய ஏமாத்தப் பாத்த வீடுன்னு சொல்றாங்களாம். அண்ணி மூணு நாளா என்னோட பேசல்ல. நாளைக்கு அவ பொண்ணப் பாக்க வர்றப்ப பொய் ஜாதகக்காரங்கன்னு இந்தப் பேச்சுத்தான் வருமாம். அவ சொல்றதும் சரிதான். அந்தக் கம்பெனி முப்பது நாள்ல அழிச்சுரும்னு எழுதியிருக்க. இங்க அழிக்கிறதுக்குப் பட்டன் இல்ல.

இனி ஒன் சத்தியத்துக்கு வர்றேன். எழுதலாம்னு பேனாவ எடுத்தேன். முருகன் படத்தையும் பாத்தேன். பண்ண மாட்டேன், சர்மிளா. நான் ஒன்னய விட்டுக்குடுத்தது பகையால இல்ல, பெருமையால. அது இன்னும் என்கிட்டயேதான் இருக்கு, எங்கயும் போகல்ல. விலாசம் என்கிட்ட இருந்தா என்னைக்காவது ஒரு நாள், யாராவது நல்லவங்க, நல்லதுக்குக் கேப்பாங்க. என் வாய் எனக்குத் தெரியும்.

அதனால அனுப்பாத. ஆர்த்திகா புள்ள ஆபீசுக்கே எழுதுறேன். நீ சாப்புட்டியா, தூங்குனியா, அந்த ரூம்ல காத்து வருதா, அத மட்டும் எழுது. எங்க இருக்கன்னு எழுதாத. கேக்குறவங்களுக்கு நான் தெரியாதுன்னு சொல்றப்ப, அது ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்.

அம்மா
வேலாயி